கோலின் இரு முனைகள்

பல்லாண்டு இல்லறம் நடத்தி முதுமை எய்திய கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் அன்பு, வீடுபேற்றை நாடுவோர்க்குத் தடையாக நிற்குமா, வழியாக அமையுமா என்னும் கேள்வியை இந்தியச் சமயங்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே எதிர்கொண்டு வந்துள்ளன. வீடு என்பது 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். பிறவித் தளையினின்று விடுபடுதலைக் குறித்து வந்த அச்சொல்லே பிற்காலத்தில் குடியிருக்கும் மனையையும் குறிக்கலாயிற்று. விடுதலைக்கும் மனைக்கும் ஒரே பெயர் வாய்த்த மொழியில் இக்கேள்வி தனிக் கூர்மை பெறுகிறது. மனையை விட்டுக் காட்டுக்கும் மலைக்கும் ஆற்றங்கரைக்கும் புறப்படும் முதியவர் தம் துணையையும் உடன் அழைத்துச் சென்றால், அவர் எதை விட்டார், எதை விடாமல் வைத்துக்கொண்டார் என்று கேட்க வேண்டியதாகிறது.

வடமொழித் தரும நூல்கள் வாழ்க்கையை நான்கு நிலைகளாகப் பிரித்து, இல்லறத்துக்கும் முற்றத் துறத்தலுக்கும் இடைப்பட்ட நிலையை வானப்பிரத்தம், அதாவது காட்டுக்குப் புறப்பட்டுச் சென்று வாழ்தல் என வழங்குகின்றன. தோல் சுருங்கி, தலை நரைத்து, மகவுக்கு மகவு பிறந்ததையும் கண்ட இல்லறத்தான் காடு செல்லலாம் என விதிக்கும் மனு, மனைவியைப் பற்றி இரு வழிகளைத் திறந்து வைக்கிறார்: அவளைப் புதல்வரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லலாம், அவளோடு சேர்ந்தும் செல்லலாம். உணவு, உடை, வேள்வி முதலியவற்றில் இம்மியும் விலகாத நுண்விதிகளை வகுக்கும் நூல், துணையைப் பற்றிய இந்த ஓரிடத்தில் தெரிவைத் தம்பதியரிடமே விட்டுவிட்டது குறிக்கத்தக்கது. காட்டில் மனைவி உடனிருப்பது தவத்தைக் கெடுக்கும் என்று அந்நூலாசிரியர் கருதியிருந்தால் இரண்டாவது வழி அங்கே இடம்பெற்றிருக்காது.

தமிழ் மரபு இதனை வேறொரு கோணத்தில் நோக்கியது. தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதி, காமம் நிறைவுற்ற கடைக்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்தவற்றில் பழகி வாழ்தலே கடந்துபோன இல்வாழ்க்கையின் பயன் என்று கூறுகிறது. உரையாசிரியர்களில் நச்சினார்க்கினியர் இதனை வீடுபேறு கருதிய துறவோடு பொருத்திக் காண்கிறார் எனினும், நூற்பா இருவரையும் ஒருங்கே எழுவாயாக நிறுத்தியிருப்பது தெளிவு. அங்கே அவர்களைக் குறிக்கும் கிழவன், கிழத்தி என்னும் சொற்கள் பழந்தமிழில் முதியோரைக் குறிக்கவில்லை. கிழமை, அதாவது உரிமை உடையோர் என்பதே அவற்றின் பொருள். ஒருவர்க்கொருவர் உரியவராதலைச் சுட்டிய சொல் காலப்போக்கில் முதுமையைச் சுட்டும் சொல்லாயிற்று. அத்துடன் அதன் மதிப்பும் குறைந்துபோனது வருந்தத்தக்கது.

உடன் செல்வதனால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பருவம் சான்று. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின் திருதராட்டிரன் காட்டுக்குப் புறப்படுகிறான்; குந்தி முன்னே நடக்க, அவள் தோளில் கண்ணைக் கட்டிய காந்தாரி கைவைக்க, காந்தாரியின் தோளில் பார்வையற்ற திருதராட்டிரன் கைவைத்து நகரை விட்டு வெளியேறும் அந்த வரிசை, முதுமைப் பயணத்தைப் பற்றி இந்தியக் காப்பியங்கள் தீட்டிய காட்சிகளுள் மிகத் துயரமானது. கணவனுக்கு இல்லாத ஒளி தனக்கும் வேண்டா என்று மணம் பேசப்பட்டபோதே கண்ணை மறைத்துக்கொண்டவள், வாழ்நாளின் இறுதி நடையிலும் அவனுக்குத் தோள் கொடுக்கிறாள். ஆயினும் அவர்கள் காட்டுக்குச் சுமந்து சென்றது நூறு மக்களின் சாவை. வியாசர் கங்கைக் கரையில் இறந்தோரை ஓரிரவு எழுப்பிக் காட்ட வேண்டிய அளவுக்கு அத்துயரம் கனத்திருந்தது. பின்னர் அவர்கள் காட்டுத் தீயில் மாய்ந்தனர். காந்தாரியின் அன்பு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அவ்வன்பு கணவனின் குருட்டை, கண்ணின் குருட்டோடு மகன்மேல் அவன் கொண்ட குருட்டுப் பாசத்தையும் சேர்த்து, நெடுங்காலம் பகிர்ந்துகொண்டதே தவிரத் தடுத்து நிறுத்தும் வலிமையைப் பெறவில்லை. அவள் பலமுறை எச்சரித்தாள் என்பதையும், எச்சரிக்கை செவியேறவில்லை என்பதையும் காப்பியமே பதிவு செய்கிறது.

பிருகதாரணியக உபநிடதத்தின் யாக்ஞவல்கியர் மற்றோர் எல்லையில் நிற்கிறார். மனையை விட்டு நீங்க எண்ணி, மைத்திரேயி, காத்தியாயனி என்னும் இரு மனைவியர்க்கும் பொருளைப் பிரித்துக் கொடுக்க முனையும் அவரை மைத்திரேயி இடைமறித்து, உலகம் நிறைந்த செல்வம் கிடைத்தாலும் அதனால் சாவாமை கிட்டுமா என வினவுகிறாள். கணவன் கணவனுக்காக அன்பிற்குரியவன் ஆவதில்லை, ஆன்மாவின் பொருட்டே அன்பிற்குரியவன் ஆகிறான் என்பது அவர் உரைத்த விடையின் சாரம். இதனைத் தன்னலக் கோட்பாடு என்று கொள்வார் உளர், அது பொருந்தாது. ஆன்மா என அங்கே சுட்டப்படுவது 'நான்' என்னும் தனித்த முனைப்பன்று. இருவரிலும் ஒன்றாய் உறையும் பொருள். துணையிடம் கொண்ட அன்பு எந்த ஊற்றிலிருந்து சுரக்கிறது என்பதைக் காட்டும் அறிவுரை அது. எனினும் யாக்ஞவல்கியர் அதைச் சொல்லிவிட்டுத் தனியே போய்விட்டார் என்பதும் உண்மை. அவ்வூற்றை இருவரும் சேர்ந்து நடந்து தேட முடியுமா என்பதை அவருடைய வரலாறு சோதித்துப் பார்க்கவில்லை.

அச்சோதனைக்கு உதவும் கருவியைத் திருக்குறள் மரபு தருகிறது. பற்று, அன்பு, அருள் என்னும் மூன்றையும் தமிழ் நூல்கள் வேறுபடுத்திக் காண்கின்றன: பற்று என்பது 'எனது' என்று இறுக்கிப் பிடித்தல், அன்பு என்பது தொடர்புடையார்மேல் செல்லும் நெகிழ்ச்சி, அருள் என்பது தொடர்பை நோக்காது வருந்தும் உயிர்கள்மேல் செல்லும் பரிவு. அன்பு முதிர்ந்த இடத்தில் அருள் பிறக்கும் என்பது குறளுரையில் பரிமேலழகர் தரும் விளக்கம். இங்கு 'முதிர்தல்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். முதுமை, முதிர்ச்சி இரண்டுக்கும் ஒரே வேர். துறவியின் அருள் அன்பை அறுத்துப் பெறப்படுவது என்றால் முதிய தம்பதியர்க்கு அதில் பங்கில்லை. அன்பு பழுத்துப் பெறப்படுவது என்றால் அவர்களைவிட அதற்கு அருகில் இருப்போர் அரியர்.

மனைக்குள் கணவன் மனைவி உறவு பெரும்பாலும் கடமைகளின் ஊடாகவே ஓடுகிறது. மக்கள், வருவாய், சமையல், உறவினர், மருந்து என ஏதேனும் ஒன்று எப்போதும் இருவர்க்கும் நடுவில் நிற்கும். தலப்பயணத்தின் மலைப்பாதையில் இவை பின்தங்கிவிட, மூச்சும் காலடியும் உடன் வருபவரும் மட்டுமே எஞ்சுகின்றனர். கௌரிகுண்டத்திலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் ஏறி அடைய வேண்டிய கேதாரநாதம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான். இருவர் சேர்ந்து ஏறும்போது மெதுவாக நடப்பவரின் வேகமே இருவரின் வேகமாகிறது. விரைந்து நடக்க வல்லவர் தம் ஆற்றலை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் நிற்பதும், தளர்ந்தவர் தம்மால் பிறர்க்குத் தாமதம் நேர்கிறதே என்று கூசாமல் அந்நிற்றலை ஏற்றுக்கொள்வதும் எளியவை போலத் தோன்றினும், 'நான்' என்னும் முனைப்பைத் தேய்ப்பதில் பல நோன்புகளைவிடக் கடுமையானவை. திருமங்கையாழ்வார் வதரியாச்சிரமத்தைப் பாடிய பெரிய திருமொழிப் பதிகத்தில், உடல் கூனிக் கோலே துணையாகும் காலம் வருமுன் வதரியை வணங்குவோம் என்று அழைக்கிறார். அவர் காலத்தில் அது தக்க எச்சரிக்கை. ஆனால் கோலூன்றிய பின்னும் புறப்படும் தம்பதியர், ஆழ்வார் முதுமையில் இழப்பாகக் கண்ட தளர்ச்சியையே வழிபாடாக்குகின்றனர் என்று சொல்ல இடமுண்டு.

சபரிமலைப் பயணம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மரபுப்படி 10 முதல் 50 வயது வரையான பெண்கள் அம்மலை ஏறுவதில்லை. அவ்வழக்கத்தைப் பற்றி 2018-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் பின்னர் எழுந்த மறுஆய்வும் வேறு விவாதத்திற்கு உரியவை. அம்மரபில் நின்ற குடும்பங்களில், கணவன் ஆண்டுதோறும் மாலையிட்டு ஒரு மண்டலம், அதாவது 41 நாள், விரதமிருக்கையில், விடியற்காலை எழுந்து நீராடிச் சமைத்து அவ்விரதத்தைத் தானும் காத்தவள் மனைவி. இருமுடி கட்டி வழியனுப்பிவிட்டு வாசலோடு நின்றவளும் அவளே. ஐம்பதைக் கடந்தபின் அவள் தலையிலும் இருமுடி ஏறுகிறது. எருமேலியிலிருந்து அழுதை ஆற்றைக் கடந்து கரிமலை ஏறும் பெரிய பாதையில், பல முறை மலை கண்ட கணவன் குருசாமியாகவும், மனைவி முதன்முறை ஏறும் மாளிகைப்புறமாகவும், அதாவது பெண் அடியாராகவும், நடக்கின்றனர். மாலையிட்ட நாள் முதல் பெயர் சொல்லி அழைப்பது நின்று 'சாமி' என்னும் விளியே வழங்குகிறது. பல்லாண்டுகளாக 'ஏங்க' என்றும் 'இந்தா' என்றும் விளித்துக்கொண்ட இருவர், ஒருவரையொருவர் இறைவன் பெயரால் அழைக்கப் பழகுவது, யாக்ஞவல்கியர் மைத்திரேயிக்குச் சொன்ன தத்துவத்தின் அன்றாட வடிவம். பதினெட்டாம் படிக்கு மேலே அக்கோயில் முகப்பில் பொறிக்கப்பட்டிருப்பதும் 'அதுவே நீ' எனப் பொருள்படும் 'தத்துவமஸி' என்னும் உபநிடத வாக்கியமே.

துணைமேல் வைத்த அன்பு சாவை நெருங்கும்போது கலக்கத்தைப் பெருக்கும் என்பது துறவு நெறியினர் எழுப்பும் வலுவான மறுப்பு. இதற்குப் பௌத்த நூலாகிய அங்குத்தர நிகாயத்திலேயே ஒரு விடை உள்ளது. பக்க நாட்டுச் சுஞ்சுமாரகிரியில் வாழ்ந்த நகுலபிதா, நகுலமாதா என்னும் தம்பதியர், அடுத்த பிறவியிலும் ஒருவரையொருவர் காண விரும்புவதாகப் புத்தரிடமே கூறினர். பற்றறுக்கப் போதித்தவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு ஆகியவற்றில் இருவரும் ஒத்திருந்தால் அது கைகூடும் என்றார். பிறிதொரு சமயம் நகுலபிதா கடும் நோயுற்றபோது, மனக்கவலையோடு சாதல் துன்பம் என்று கூறி, பருத்தி நூற்றும் கம்பளி மயிர் சீவியும் பிள்ளைகளைத் தன்னால் காக்க முடியும் என்றும், 16 ஆண்டுகளாக இல்லத்தில் இருந்தபடியே இருவரும் பிரமசரியம் காத்ததை நினைக்க வேண்டும் என்றும் நகுலமாதா அவருடைய கவலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தேறிய கணவர் கோலூன்றிப் புத்தரைக் காணச் சென்றார். உன்மேல் பரிவு கொண்டு நன்மை நாடி அறிவுரை கூறும் துணையைப் பெற்றது உனக்குப் பெரும் பேறு என்று புத்தர் அவரிடம் கூறியதாக நூல் உரைக்கிறது. அங்கே பரிவைச் சுட்டும் 'அனுகம்பா' என்னும் பாலிச் சொல், தமிழில் அருளுக்கு நேரானது. தான் இல்லாவிட்டாலும் துணை நிலைகுலையாது என்னும் உறுதியைக் கொடுப்பது பற்றினால் இயலாது. பற்று, தான் இல்லாமல் மற்றவர் வாழ இயலாது என்பதையே கேட்க விரும்பும்.

நகுலபிதாவின் கையிலிருந்த கோல், தில்லைக் குயவராகிய திருநீலகண்டரின் வரலாற்றில் இருவர் கைக்கும் பொதுவாகிறது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தின்படி, இளமையில் அவர் பரத்தையொருத்தியிடம் சென்று வந்ததனால் ஊடிய மனைவி, சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு 'எம்மை'த் தீண்டக்கூடாது என்றாள். அவள் பன்மையில் கூறியதனால், பெண்கள் அனைவரையுமே மனத்தாலும் தீண்டேன் என அவர் விரதம் பூண்டார். ஒரு சிறுமனைக்குள் அயலார் அறியாமல் இருவரும் அவ்வாணையைக் காத்து முதுமை எய்தினர். சிவயோகியாக வந்த இறைவன் தாம் அடைக்கலம் கொடுத்த ஓட்டை மறையச் செய்து, அதைத் திருடவில்லையென்றால் மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்று தில்லை அந்தணர் அவையில் வழக்காடினார். திருப்புலீச்சரம் என்னும் சிவன் கோயிலின் முன்னுள்ள குளத்தில், மூங்கில் கோலொன்றின் ஒரு முனையைக் கணவரும் மறு முனையை மனைவியும் பற்றியவாறு இறங்கினர். கையைப் பற்றுக என்று யோகி மீண்டும் வற்புறுத்தவே, ஒரு வாழ்நாள் முழுதும் மறைத்த செய்தியை ஊரார் கேட்க எடுத்துரைத்துத் திருநீலகண்டர் மூழ்கினார். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர்.

சினத்தில் பிறந்த ஆணை அது. பிழை கணவருடையது, சினம் நியாயமானது. ஆனால் அவ்வாணையை அவள் பழிவாங்கும் கருவியாகவும், அவர் தண்டனையாகவும் கொண்டிருந்தால் அச்சிறுமனை சில ஆண்டுகளிலேயே இரண்டாகியிருக்கும். தீண்டுதல் நீங்கலாக மனையறத்துக்குரிய அனைத்தையும் அவள் குறைவின்றிச் செய்தாள். அடியார்க்குத் திருவோடு அளிக்கும் தொண்டை அவர் கைவிடவில்லை. இருவரும் ஒரே ஆணையை இருபுறத்திலிருந்தும் பிடித்து வாழ்ந்தனர். குளத்தில் ஏந்திய மூங்கிற்கோல் அவ்வாழ்வின் புறவடிவம்: ஒருவரை ஒருவர் தம்பால் இழுத்துக்கொள்ளவும் இல்லை, கைநழுவ விடவும் இல்லை. மனு திறந்து வைத்த இரு வழிகளில் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. காடு செல்லாமலே அவர்கள் கையில் தவம் கூடியிருந்தது. முதுமையில் துணையோடு மலையேறும் எவரும் கைத்தடியை நீட்டி, மேலே நிற்பவர் ஒரு முனையையும் கீழே நிற்பவர் மறு முனையையும் பிடித்துப் படி ஏறுவதைக் காணலாம். அங்கும் யார் யாரைத் தாங்குகிறார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தில்லையாகிய சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்கு மேற்கே அச்சிவன் கோயில் இளமையாக்கினார் கோயில் என்னும் பெயரோடு நிற்கிறது; எதிரே அக்குளமும் உள்ளது. தை மாத விசாகம் திருநீலகண்டரின் குருபூசை நாள். தலப்பயணம் புறப்படும் முதிய தம்பதியர் தில்லைக்குச் சென்றால், அம்பலவனை வணங்கியதோடு திரும்பிவிடாமல், மேற்கே சிறிது தூரம் நடந்து அக்குளக்கரையிலும் சேர்ந்து நிற்க வேண்டும்.