ஈரத் தானியமும் பொடி எழுத்தும்

 

புக்கிட் மெர்தாஜாமில் துணிக்கடை வைத்திருக்கும் நான், ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன் வாசலில் மலிவு விற்பனைப் பலகை வைத்தேன். மலாயில் எழுதிய பலகை. 50 விழுக்காடு கழிவு என்பது முழ நீள எழுத்தில்; நடுவே "செஹிங்கா", அதாவது "வரை" என்ற சொல் கடுகளவில். பாதி விலைக்கு இருந்தது ஓர் அலமாரிச் சரக்கு மட்டுமே. மற்றவைக்கு 10 விழுக்காடுதான்.

ஒரு மாக்சிக், பேரப்பிள்ளைகளுக்காக நான்கு சட்டைகள் எடுத்து வந்தார். கல்லாவில் தொகையைச் சொன்னதும் அவர் முகம் வாடிற்று. நான் பலகையைக் காட்டினேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டை மேசைமேல் வைத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் பணம் கொடுத்துப் போனார். நான் பொய் எழுதவில்லை. ஆனாலும் அன்றிரவு தராவீஹ் தொழுகையில் மனம் நிலைகொள்ளவில்லை. பொய் சொல்லாதவன் ஏமாற்றுக்காரனாக முடியுமா?

மதரஸாவில் ஓதிய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

கவனியுங்கள், சகோதரர்களே! அந்த மனிதர் வாயால் பொய் சொல்லவில்லை. ஈரத் தானியம் அங்கேயேதான் இருந்தது. கைவிட்டுப் பார்த்தால் தெரியும். குற்றம் அதை வைத்த இடத்தில் இருந்தது. நம் பொடி எழுத்தும் அப்படியே.

"எழுதித்தானே இருக்கிறோம்? படிக்காதது அவர் பிழை" என்பர் சிலர். அப்படியானால், கழிவை முழ நீளத்திலும் நிபந்தனையைக் கடுகளவிலும் எழுதச் சொன்னது யார்? நம் நிய்யத்தன்றோ! பெரிய எழுத்து ஆளை உள்ளே அழைக்க; சின்ன எழுத்து நாம் தப்பிக்க. இரண்டும் ஒரே அளவாயிருந்தால் அவர் உள்ளே வரமாட்டார் என்று அறிந்தே சுருக்குகிறோம்.

நாட்டுச் சட்டமும் இதைக் கண்டுகொண்டது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணம் தரும் விலை விளம்பரத்தைத் தடுக்கிறது. 2010இல் வந்த திருத்தம், ஓர் ஒப்பந்தம் நியாயமானதா என்று பார்க்கையில் அதன் வாசகம் பொடி எழுத்தில் உள்ளதா என்பதையும் கருதச் சொல்கிறது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராயிருந்து 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களும் நம்மைப் போன்ற தமிழ் முஸ்லிம் வியாபாரியே. வாங்குவோர் பக்கம் நின்று பேச ஒரு வியாபாரி முன்வந்தது நமக்குப் பெருமை, படிப்பினையுங்கூட.

"பேரங்காடிக்காரன் அப்படி எழுதும்போது நாம் மட்டும் உள்ளதை எழுதினால் கடை நடக்குமா?" என்பீர்கள். மறுநாளே நான் பலகையை மாற்றினேன். இந்த அலமாரிக்குப் பாதி விலை, மற்றவைக்கு 10 விழுக்காடு கழிவு. எல்லாம் ஒரே அளவு எழுத்தில். கூட்டம் குறைந்தது. நஷ்டமே இல்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன். அதுவும் ஒரு பொடி எழுத்தாகிவிடும்.

என் கவலை வேறு. அல்லாஹ்வுக்குச் செய்த குறைக்கு அவனிடமே அழுது மன்னிப்புக் கேட்கலாம். அடியாருடைய ஹக்கை, உரியவர் மன்னிக்காமல் தீர்க்க முடியாது என்று ஓதியிருக்கிறோம். அந்த மாக்சிக்கின் பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. வந்தால் கொடுக்கலாம் என்று அந்த இரண்டு சட்டைகளையும் தனியே மடித்து வைத்திருக்கிறேன். இன்றுவரை அவர் வரவில்லை.

ஆகவே, சகோதரர்களே, பலகை எழுதியதும் கல்லாவிலிருந்து இறங்கி, வாசலுக்கு வெளியே போய் நின்று, வாங்க வந்தவராக ஒருமுறை அதை வாசித்துப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.