சிற்றம்பலம், சிதம்பரம்: பெயரின் உண்மை எது?

சிதம்பரம் என்ற பெயருக்கு இரண்டு பிறப்பு சொல்லப்படுகிறது. தமிழ்வழியில் சிறு + அம்பலம் சிற்றம்பலம். சிற்றூர், சிற்றாறு போல. வடமொழிவழியில் சித் + அம்பரம் சிதம்பரம், அறிவு வெளி. இரண்டு புணர்ச்சியும் அந்தந்த இலக்கணத்துக்குப் பழுதின்றிப் பொருந்துவதுதான் வேடிக்கை. தேவாரம் ஊரைத் தில்லை என்றும் ஆடலரங்கைச் சிற்றம்பலம் என்றும் பாடுகிறது. அதே கோயிலில் பேரம்பலமும் இருப்பதால், சிற்றம்பலம் முதலில் அளவைத்தான் குறித்தது என்பதற்கு வலு கூடுகிறது.

அப்படியானால் அறிவு வெளி என்ற பொருள் பொய்யா? நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பிரிக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றும் உள்ளது என்பர் மீமாம்சகர். வழக்கால் ஏற்பட்டது என்பர் நையாயிகர். சிதம்பர ரகசியத்தின் முன் இந்த விவாதம் வேறு முகம் கொள்கிறது. திரை விலகினால் அங்கே உருவம் இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெளிதான். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். சிறிய அம்பலத்தின் பெயரை வழிபாடே வெளியின் பெயராக வளர்த்தெடுத்தது எனலாம். பிறப்பில் இல்லாத பொருளைப் பெயர் வாழ்ந்து ஈட்டியிருக்கிறது.

எல்லாப் பெயருக்கும் இந்தப் பேறு இல்லை. ஆறுகள் கூடும் கூடலூர் கடலூரானது. அதற்கு யாரும் தத்துவம் எழுதவில்லை. பாதிரி மரத்தால் பெயர்பெற்ற திருப்பாதிரிப்புலியூருக்கும் தில்லையின் மறுபெயரான பெரும்பற்றப்புலியூருக்கும் புலிக்கால் முனிவர் கதை பொதுவாயிற்று. ஊருக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரத்தைக் காணப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகவேண்டும்.

பெயரின் பொருள் பிறப்பிலா, வாழ்விலா என்ற கேள்வி ஊர்ப்பெயர் ஆட்பெயராவதிலும் எழுகிறது. 17ஆம் நூற்றாண்டில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் நாட்டில், ஊர்ப்பெயரின் முன் ‘வான்’ சேர்ந்து குடும்பப் பெயராவது வழக்கம். இன்ன ஊரான் என்பதே அதன் பொருள். அங்கே குடும்பப் பெயரைப் பதிவதை 1811இல் நெப்போலியன் ஆணை கட்டாயமாக்கியது. தமிழர் ஊரை முதலெழுத்தாக ஒட்டிக்கொண்டனர்; அதோடு நில்லாமல் சிதம்பரம், பொன்னம்பலம், அம்பலவாணன் எனத் தலத்தையும் தலத்து இறைவனையும் பிள்ளைகளுக்கே சூட்டினர். யாழ்ப்பாணத்திலும் இப்பெயர்கள் நிறைய. தில்லையைக் காணாதவரும் தில்லையின் பெயரில் வாழலாம்.

1823இல் மருதூரில் பிறந்த வள்ளலார் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்றே கையொப்பமிட்டார். 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை எழுப்பியபோது அவ்விடத்தை உத்தர ஞான சிதம்பரம் என்றார். அங்கே அம்பலவர் திருமேனி இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளி மட்டுமே.