கற்றுக்குட்டி களம் புகலாமா?

தேர்ச்சி பெறாத ஒருவர், தேர்ந்தவர்கள் கூடும் களத்தில் இறங்குவது தகுமா? வெற்றி கிட்டாது என்று அறிந்தே போட்டிக்குச் செல்வது துணிவா, அன்றி வீண் ஆரவாரமா? விளையாட்டைப் பற்றிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஆயினும் பிள்ளைகளைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் இக்கேள்வி வந்து நிற்கவே செய்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த மண்ணில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உருவாகின்றன. மார்கழி விடியலின் மூடுபனியன்றி வேறு பனியை இம்மண் கண்டதில்லை. எனினும் பனிமலைச் செய்திகள் சிலவற்றைக் கொண்டே இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

1948-ஆம் ஆண்டு காஷ்மீரில் போர் நடந்தது. அங்கே படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய திம்மையா, பனியறியாக் குடகு நாட்டில் பிறந்தவர். பனியில் நகரத் தெரியாத படை மலையைக் காக்க இயலாது என்பதால், அவ்வாண்டு டிசம்பரில் குல்மார்க்கில் அவர் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே 1962-இல் உயர்மலைப் போர்ப் பள்ளி எனப் பெயர் பெற்றது. சமவெளியிலிருந்து செல்லும் வீரர்கள் அங்கே குழந்தையைப்போல் நடை பழகுகின்றனர், விழுகின்றனர், எழுகின்றனர்.

அப்பள்ளியைச் சேர்ந்த ராணுவ வீரர் ஜகதீஷ் சிங், 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கலந்துகொண்டார். அவருக்குக் கிடைத்தது 103-ஆம் இடம். அதே ஓட்டத்தில் கடைசியாக வந்தவர் மெக்சிகோவின் ஹெர்மான் மத்ராசோ. நாற்பது வயதைக் கடந்த அவர், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்புதான் சறுக்குப் பலகையில் ஏறக் கற்றவர். அவருக்கு முன்னே பின்வரிசையில் ஓடி முடித்த பிற நாட்டார் எல்லைக் கோட்டருகே காத்திருந்து அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். 1998-இல் ஜப்பானின் நகானோவில் கென்யாவின் பிலிப் போயிட் 92-ஆவதாக, எல்லோருக்கும் கடைசியாக வந்தபோது, முதலிடம் பெற்ற நார்வேயின் பியோர்ன் டேலி காத்திருந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

இதனை ஏற்காதோரும் உளர். “உலகின் தலைசிறந்தோர் கூடும் களத்தைப் பயிலிடமாக்குவது அக்களத்துக்கே இழுக்கு, பொதுப்பணமும் வீண்” என்பது அவர்கள் வாதம். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. திறனின்றிப் பெயருக்காக மட்டும் செல்பவர் தம்மையும் ஏமாற்றுகிறார், அனுப்பியவரையும் ஏமாற்றுகிறார். ஒரு செயலின் மதிப்பை அதன் நிய்யத்தைக் கொண்டே நிறுக்கக் கற்றவர்கள் நாம். ஆகவே, கடைசியில் வந்தாரா என்பதைக் காட்டிலும், எதற்காகச் சென்றார், எவ்வளவு உழைத்துவிட்டுச் சென்றார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். தாம் புதியவர் என்பதை அறிந்து, பிறரிடமும் அதை மறைக்காது, இயன்ற உழைப்பை முழுமையாக அளித்தவர் கடைசியில் வந்தாலும் பொய்யராகார். வல்லவர்போல் நடிப்பவர் நடுவில் வந்தாலும் பொய்யரே.

புதியவரின் பொறுப்பு இத்துடன் முடிந்தது. அவரை அனுப்புபவரின் பொறுப்போ இங்குதான் தொடங்குகிறது. 1988-இல் கனடாவின் கால்கரிக்குச் சென்ற ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டிக் குழுவில் அந்நாட்டு ராணுவத்தினர் இருந்தனர். சில மாதங்களுக்கு முன்புவரை அவ்வண்டியை ஓட்டியே அறியாதவர்கள் அவர்கள். ஓட்டத்தின் நடுவே வண்டி கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, வண்டியை ஒட்டி நடந்தே அவர்கள் எல்லையை அடைந்தனர். கண்டவர் கைதட்டினர். ஆனால் கவிழும் வண்டி எல்லாம் கைதட்டலில் முடிவதில்லை.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு ஏற்பட்டபோது, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்து வீரர் பதின்மர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டு வீரர்களும் இருந்தனர். பயிற்சி பெற்றவரையும் பனி விடுவதில்லை எனில், பயிற்சியின்றி ஒருவரை அங்கே அனுப்புவது எத்துணைப் பெரிய பாவம்! அதனாலன்றோ ராணுவம் தன் வீரர்களைக் கட்டங்கட்டமாக உயரத்துக்குப் பழக்கிய பின்னரே மேலே ஏற்றுகிறது.

இனி ஒரகடத்துக்குத் திரும்புவோம். ஐ.டி.ஐ. முடித்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தொலைதூரக் கிராமங்களிலிருந்து இத்தொழிற்சாலைகளுக்கு வருகின்றனர். அவர்களும் பனி காணாதவர் பனிமலை ஏறுவது போன்றே வருகின்றனர். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளி என்று கருதவில்லை. பயிற்சி பெறுபவர் என்றே கருதுகிறது. அச்சொல்லின் பொருளை முதலாளிமார் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி பெறுபவர் என்றால் கற்பிக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பழகுநர் என்ற பெயரைச் சூட்டி, குறைந்த தொகையைக் கொடுத்து, முதல் வாரத்திலேயே தேர்ந்தவரின் வேகத்தை எதிர்பார்ப்பது நேர்மையாகாது. பனியில் விழுபவர் எழுந்து கொள்வார். தகடு அழுத்தும் இயந்திரத்தில் சிக்கிய விரல் திரும்ப முளைக்காது.

ஆகவே கற்றுக்குட்டிக்கு அனுப்புபவர் தரவேண்டிய கடன் மூன்று: கற்பிக்கும் ஆசான், பழகுவதற்குரிய காலம், எதிரே உள்ள இடரைப் பற்றிய உண்மை. இம்மூன்றையும் தந்து அனுப்பினால் அது நம்பிக்கை. ஒன்றையேனும் மறைத்து அனுப்பினால் அது அமானத்தில் செய்யும் மோசடி. இளம் உயிரைவிடப் பெரிய அமானத் வேறு எது?

பெற்றோருக்கும் ஒரு சொல். “முதல் இடம் வராதென்றால் போகவே வேண்டாம்” என்று பிள்ளையைத் தடுக்கும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை. தேர்வுக்குப் போனால் தோற்பான், நேர்காணலுக்குப் போனால் சிரிப்பார்கள் என்று அஞ்சியே பல அறிவுகள் வீட்டு முற்றத்திலேயே வாடிவிடுகின்றன. பெண் பிள்ளைகளின் நிலை இதில் இன்னும் இரங்கத்தக்கது. மதரஸாவில் ‘அலிஃப்’ என்று எழுதத் தொடங்கிய நாளில் கை கோணாத மாணவர் எவர்? அன்று அந்தக் கோணல் எழுத்தைக் கண்டு உஸ்தாத் பலகையைப் பறித்திருந்தால் ஆலிம் என்று ஒருவர் இவ்வூரில் உருவாகியிருக்க முடியுமா?

பிள்ளை களத்திலிருந்து திரும்பும்போது, “எத்தனையாவது வந்தாய்?” என்ற கேள்வி நம் நாவில் முந்தி வருகிறது. “இன்று புதிதாக எதைக் கற்றாய்? உனக்குக் கற்பிக்க அங்கே யார் இருந்தார்?” என்று கேட்போமாக. முதற்கேள்வி பிள்ளையைச் செப்பனிடும். இரண்டாவது, அவரை அனுப்பிய நம்மையும் வேலை கொடுத்தவரையும் கணக்குக் கேட்கும்.