அறிந்தே தோற்றல்

காஞ்சிரங்குளத்து உபாசகர் ஒருவர் தம் ஆறு வயது மகனுக்குச் சதுரங்கம் கற்பிக்கின்றார். எட்டு வரிசைப் பலகையாட்டத்தினின்று பகவான் விலகியிருந்ததாகப் பிரமசால சூத்திரம் கூறுகின்றதே, கற்பிக்கலாமோ என்று எம்மை வினவினார். அது துறவொழுக்கம். இல்லறத்தானுக்குச் சிகாலோவாத சூத்திரம் கடிவது பொருளழிக்கும் சூதினையே. 2000-இல் உலக வாகை சூடிய விசுவநாதன் ஆனந்தும் ஆறாம் அகவையில் அன்னை சுசீலாவிடமே இவ்வாட்டம் கற்றவர்.

எமக்கு எழுந்த ஐயம் வேறு. மகன் அழுவானென்று அவர் வேண்டுமென்றே மந்திரியை வெட்டக் கொடுத்துத் தோற்று, "நீயே வென்றாய்" என்கின்றாராம். அன்பு மெய், சொல்லோ பொய். நான்காம் சீலம் குழந்தைகளிடத்து மட்டும் தளர்வதில்லை. பகவான் தம் மைந்தர் இராகுலருக்கு, அவர் சிறுவராயிருந்தபோதே, விளையாட்டிற்கும் பொய் கூறலாகாது என்றல்லவா போதித்தார்!

"ஆட்டம் தொடங்குமுன் மகன் காணவே உமது மந்திரியை எடுத்து வைத்துவிடும், பின்னர் முழுமனத்துடன் ஆடும்" என்றோம். அவ்வாறே ஆடினார். சிறுவன் மூன்று நாள் தோற்றான், அழுதான். எமது யோசனை மீது அவன் தாய்க்குச் சினமும் உண்டாயிற்று. நான்காம் நாள் அவன் தானே பலகையை விரித்து, "ஒரு தேரையும் எடுத்து வையுங்கள், அப்பா" என்றானாம்.