கேட்காத உபகாரம்

ஒருவருக்கு நன்மை செய்வதற்கு முன்னால் அவரைக் கேட்க வேண்டுமா? கெடுதல் செய்கிறவன்தான் ஒளிந்து செய்ய வேண்டும், நல்லது செய்கிறவன் யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பழைய மோட்டார் கார்களைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், இதில் யோசிக்க நிறைய இடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. காருக்கும் தர்மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2004ஆம் வருஷம் எம்.டி.வி.யில் ‘பிம்ப் மை ரைட்’ என்றொரு நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. 2007 வரை நடந்தது. கதவு சரியாக மூடாத, உள்கூரை கிழிந்து தொங்குகிற வண்டியை வைத்துக்கொண்டு திண்டாடும் ஓர் இளைஞனோ இளம் பெண்ணோ விண்ணப்பம் போடுவார்கள். எக்ஸிபிட் என்ற ராப் பாடகர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். வண்டியை நாலு வார்த்தை கேலி பேசிவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோவார். அது திரும்பி வரும்போது கண்ணைப் பறிக்கும் வர்ணம், பெரிய பெரிய சக்கரங்கள், டிக்கியிலும் சீட்டின் முதுகிலும் தொலைக்காட்சித் திரைகள்! சொந்தக்காரர் குதிப்பார், கத்துவார், பாடகரைக் கட்டிக்கொள்வார். இன்ஜின் என்ன ஆயிற்று என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போகும். 2015இல் ஓர் அமெரிக்கச் செய்தித்தளம், பங்கெடுத்த சிலரைத் தேடிப் பிடித்து விசாரித்தது. வண்டி மாதக் கணக்கில் பட்டறையில் கிடந்தது என்றும், படம் பிடித்து முடித்த பிறகு சில அலங்காரங்களைக் கழற்றிக்கொண்டு விட்டார்கள் என்றும் அவர்கள் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இரவல் நகை போட்ட கதைதான்.

அதே 2004இல் வந்தது ‘ஓவர்ஹாலின்’. இதன் நாயகர் சிப் பூஸ் என்ற பிரசித்தமான கார் வடிவமைப்பாளர். அவர் பென்சிலால் ஒரு வண்டியின் கோட்டை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நல்ல கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் நிகழ்ச்சியின் கதையமைப்பு விசித்திரமானது. மனைவியோ மகனோ நண்பனோ ரகசியமாகச் சதியில் சேருவார். வண்டி திருட்டுப் போய்விட்டது என்றோ வேறு எதையாவது சொல்லியோ நாடகமாடி அதைச் சொந்தக்காரரிடமிருந்து அப்புறப்படுத்துவார்கள். அவர் ஒரு வாரம் தவியாய்த் தவிப்பார். அங்கே பட்டறையில் இரவு பகலாக வேலை நடக்கும். கடைசியில் திரை விலகும், வண்டி ஜொலிக்கும், மனிதர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுவார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஜனங்கள் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணீர் வருகிற இடத்தில் எனக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனிதர் எதற்காக அழுகிறார் என்று நிகழ்ச்சிக்காரர்கள் நிச்சயமாகத் தெரிந்தமாதிரி சங்கீதம் போடுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது.

பழைய கார் அபிமானிகள் உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று புனருத்தாரணக் கட்சி: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு திருகாணிகூட மாறாமல் வண்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பவர்கள். மற்றது உருமாற்றுக் கட்சி: வண்டி என்னுடையது, என் மனசுக்குப் பிடித்தபடி வெட்டுவேன், தாழ்த்துவேன், வர்ணம் மாற்றுவேன் என்பவர்கள். முதல் கட்சிக்கு இரண்டாம் கட்சி காட்டுமிராண்டிகளாகத் தெரிகிறது. இரண்டாம் கட்சிக்கு முதல் கட்சி பிணத்துக்குத் தைலம் பூசுகிறவர்களாகத் தெரிகிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கண்டிக்கிற பெரும்பாலோர் முதல் கட்சியில் நின்றுகொண்டுதான் கண்டிக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்சியில் போய் நிற்க மனம் வரவில்லை.

ஏனென்றால், உருமாற்றுவதற்கு ஒரு கௌரவமான பூர்வீகம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய கலிபோர்னியா வாலிபர்கள், 1932ஆம் வருஷத்து போர்டு கார்களை மலிவு விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, இன்ஜினை முடுக்கிவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் காற்றாய்ப் பறந்தார்கள். கையில் காசு இல்லை; கை மட்டும் இருந்தது. 1952இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள், பாப் ஹிரோஹாட்டா என்பவருடைய 1951ஆம் வருஷத்து மெர்க்குரி காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, கைப்பிடிகளையும் சின்னங்களையும் எடுத்துவிட்டு, வெளிர் பச்சை வர்ணம் பூசினார்கள். பார்ப்பதற்கு வண்டி ஒரே மூச்சில் வழித்து ஊற்றியது போலிருக்கும். சில வருஷங்களில் மோகம் தீர்ந்தது. 1959இல் ஒரு பையன் அதை 500 டாலருக்கு வாங்கினான். ஓட்டினான், பிறகு நிறுத்திப் பல வருஷம் மூடி வைத்திருந்தான், தலை நரைக்கிற வயதில் அதைச் சீர்திருத்தத் தொடங்கினான். எந்த நிலைக்குச் சீர்திருத்தினான்? 1951இல் தொழிற்சாலை செய்த மெர்க்குரிக்கா? இல்லை, 1952இல் பாரிஸ் சகோதரர்கள் அறுத்த மெர்க்குரிக்கு! 2022இல் ஏலத்தில் அது இருபது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இப்போது யாராவது அந்தக் கூரையை உயர்த்தி, ‘அசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன்’ என்று சொன்னால் அது புனருத்தாரணமா, நாசவேலையா? இரண்டு கட்சியும் சேர்ந்தே அடிக்க வரும்.

புனருத்தாரணக்காரர்கள் மட்டும் அகம்பாவத்துக்கு விலக்கா? தொழிற்சாலையில் தொழிலாளி அவசர அவசரமாக வர்ணம் தெளித்தான்; அங்கங்கே ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி விழுந்திருக்கும். பரிசுக்குக் கொண்டுவரும் வண்டியிலோ முகம் பார்த்துத் தலை வாரலாம். பிறந்த அன்றைக்கே இவ்வளவு அழகாக இல்லாத குழந்தையை எழுபது வயதில் அப்படி ஆக்கி, ‘இதுதான் அசல்’ என்கிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. ஜீர்ணோத்தாரணம் என்று அழகான சொல்லை வைத்துக்கொண்டு, கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சி அடித்து உளியின் கூரையே மழுங்கடித்தவர்களும், பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்தவர்களும் பக்தர்கள்தாமே?

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் ஒன்று, 1974இலிருந்து ஒரு சாதாரணக் குடும்பத்திடம் இருந்தது. வீட்டம்மாள் அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய் வந்தார். 1977இல் மெக்வீனே தமக்குத் திருப்பித் தரும்படி கடிதம் எழுதிக் கேட்டார், கொடுக்கவில்லை. படம் எடுத்தபோது காமிரா பொருத்துவதற்காக அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. துருவும் சொட்டையும் இருந்தன. 2020 ஜனவரியில் அந்தக் கோலத்திலேயே 34 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கலிபோர்னியாவில் பெப்பிள் பீச் என்ற இடத்தில் 1950இலிருந்து நடந்துவரும் கார் அழகுப் போட்டியிலும் அப்படித்தான். 2024இல் புகாட்டி டைப் 59 ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த வண்டி. கறுப்பு வர்ணம் தேய்ந்து வெடித்துப் போயிருந்தது. புதுப்பிக்கப்படாத வண்டி ஒன்றுக்கு அங்கே முதல் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

சரி, அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? துருப்பிடித்தால் துருப்பிடித்தபடியே கும்பிட வேண்டுமா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர்நீதி மன்றத்துக்கே போயிற்று. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி ஒன்றுக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர். அதை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது அந்த வண்டியே அல்ல என்று பின்வாங்கினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வண்டி மேலும் பந்தயங்களில் ஓடியது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் பயங்கரமாக விபத்துக்குள்ளாகி ஓட்டியவர் இறந்தார். இன்ஜின், சேஸிஸ், கூடு எல்லாமே ஒவ்வொரு காலத்தில் மாறிவிட்டன. ஜெயித்த அன்று இருந்த இரும்பில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். ஆனால் நீதிபதி ஓட்டன், இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்புச் சொன்னார். நடுவில் எங்கேயும் அறுபடாமல் ஒரே வண்டியாக அது வாழ்ந்து வந்திருக்கிறது என்பதுதான் காரணம். கிரேக்கர்கள் தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் ஒவ்வொரு பலகையாக மாற்றி, அது பழைய கப்பல்தானா என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நீதிபதி பலகையை எண்ணவில்லை, வாழ்க்கையைப் பார்த்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்தது. பாரிஸ் சகோதரர்கள் கூரையை அறுத்தபோது அந்த மெர்க்குரியின் வாழ்க்கை அறுபடவில்லை. சொந்தக்காரர் கேட்டுத்தான் அறுத்தார்கள். ஓல்டு நம்பர் ஒன்னின் இன்ஜினைத் தூக்கி வேறு வைத்தபோதும் அறுபடவில்லை. அடுத்த பந்தயத்தில் ஓட்ட வேண்டியவர்கள் வைத்தார்கள். ஆனால் திருட்டு நாடகம் ஆடி, சொந்தக்காரரைத் தவிக்க விட்டு, ஒரே வாரத்தில் வேறு வண்டியாக்கிக் கொடுக்கிறார்களே, அங்கே ஏதோ அறுபடுகிறது. உருமாற்றினார்கள் என்பதனால் அல்ல. அசலுக்குக் கொண்டுவந்திருந்தாலும் அறுபட்டிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்வந்த 1968ஆம் வருஷத்து பியட் 1100 அவரிடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்த மகன், அப்பாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு அவரை ஒரு மாதம் தன்னிடம் வரவழைத்துக்கொண்டு, இங்கே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினான். டிங்கர் வேலை, பட்டி, பெயிண்ட், புது சீட்டு உறை. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. பெரியவர் ஊர் திரும்பிய அன்று அக்கம்பக்கத்தவர் எல்லாரும் கூடியிருந்தோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். “நல்லா இருக்குப்பா. யார் வண்டி?” என்று கேட்டார். வேடிக்கை செய்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். ஏறி உட்கார்ந்தார். அவருடைய இடது கை டேஷ்போர்டின் அந்தக் கோடிக்குப் போய் எதையோ தடவித் தேடியது. அங்கே ஆறு வயதில் அந்த மகன் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தான். அதற்காக அவனை அவர் அடித்தும் இருக்கிறார். மகனுக்கு அது ஞாபகமே இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மகனுடைய அன்பை அவர் அறியாதவரும் அல்ல. அதற்கப்புறமும் அந்த வண்டியைத்தான் ஓட்டினார். ஆனால் ‘என் வண்டி’ என்று சொல்வது நின்றுபோய், ‘பையன் கொடுத்த வண்டி’ என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது.

ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டு செய்தால் ஆச்சரியம் எங்கே, பரிசுக்கே ருசி போய்விடாதா என்பார்கள். வாஸ்தவம். ஒரு கடிகாரத்தையோ புடைவையையோ சொல்லாமல் வாங்கி வந்து கொடுக்கலாம். இல்லாத ஒன்றை அது கொண்டுவந்து சேர்க்கிறது. இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேறாக்கிக் கொண்டுவருவது வேறு கணக்கு. அங்கே கொடுப்பது ஒன்று, எடுத்துக்கொள்வது ஒன்று. எடுத்துக்கொண்டது என்ன என்பது கொடுத்தவருக்கே தெரிவதில்லை. வாங்கிக்கொண்டவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இவ்வளவு செலவழித்து, இவ்வளவு பேர் கூடி, காமிராவும் வைத்துக்கொண்டு நிற்கும்போது, ‘அந்தச் சொட்டை எங்கே?’ என்று கேட்க எந்த மனிதருக்குத் தைரியம் வரும்? நன்றி சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் ஒருவரை நிறுத்துவது, அன்பினால் செய்தாலும், ஒருவகைப் பலாத்காரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டி விஷயம் அப்படியல்ல. பிரிட்டனில் 2003இல் தொடங்கிய ‘வீலர் டீலர்ஸ்’ நிகழ்ச்சியில் மைக் புரூவர் பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி வருவார், நெடிய உருவமுள்ள எட் சைனா அதைப் பழுது பார்ப்பார், பிறகு விற்பார்கள். யாரும் அழுவதில்லை. துருப்பிடித்த ஒரு போல்ட்டை எப்படி உடைக்காமல் கழற்றுவது என்று சைனா நிதானமாகக் காட்டுவார். 2017இல் அவர் விலகினார். அந்த நிதானமான பழுதுபார்ப்பைக் குறைக்கப் பார்த்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எனக்குப் பிடித்த பகுதி எதுவோ அதையே குறைக்கப் பார்த்திருக்கிறார்கள்! தொலைக்காட்சியில் நடப்பதுதான்.

நம் அரசாங்கமும் 2021இல் இந்த வழக்கில் புகுந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைப் புராதன வண்டி என்று பதிவு செய்ய வேண்டுமானால், அது அசல் உருவிலேயே இருக்க வேண்டும்; சேஸிஸ், கூடு, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்று விதி. அந்த விதிப்படி ஓல்டு நம்பர் ஒன் இந்தியாவில் புராதன வண்டி ஆகாது போலிருக்கிறது. சட்டத்துக்கு இரும்புதான் தெரியும். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

எனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் இருக்கிறார். பழைய வண்டி வந்தால் உடனே சுத்தியலை எடுக்க மாட்டார். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டையையும் கீறலையும் வட்டமிடுவார். பிறகு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, “இது போகட்டுமா, இருக்கட்டுமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எல்லாரும் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஆனால் பத்துப் பேரில் ஒருவர், ஏதாவது ஒரு வட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்று, “அது இருக்கட்டும்” என்பாராம். ஏன் என்று இவர் கேட்பதில்லை. ஆனால் கூலியில் குறைப்பதும் இல்லை. அந்த ஒன்றைத் தொடாமல் மற்ற இடமெல்லாம் பெயிண்ட் அடிப்பது அதிக வேலை என்று கணக்குச் சொல்கிறார்.