மரமண்டை இல்லை, இரும்பு!

“மரமண்டை!” என்று உன்னை யாராவது திட்டியிருக்கிறார்களா? அழாதே. எதிர்த்தும் பேசாதே. ஒரு பென்சில், ஓர் இரும்பாணி, எனாமல் பூசிய மெல்லிய செம்புக்கம்பி, 1.5 வோல்ட் டார்ச் செல், ஒரு பிடி குண்டூசி. எடுத்துக்கொண்டு உட்கார். கம்பியின் இரண்டு முனையிலும் எனாமலைச் சுரண்டிவிடு.

முதலில் பென்சிலில் 50 சுற்றுச் சுற்று. முனைகளைச் செல்லோடு சேர்த்துக் குண்டூசிக்குப் பக்கத்தில் கொண்டுபோ. ஊசி அசைந்தாலே அதிகம். அதே கம்பியை, அதே 50 சுற்று, இப்போது ஆணியில் சுற்று. பார், ஊசிகள் தாவி வந்து ஒட்டுகின்றன!

எங்கிருந்து வந்தது இந்தப் பலம்? செல் அதேதான். கம்பி அதேதான். உள்ளே இருக்கும் பொருள்தான் மாறியது. இரும்புக்குள் அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஏற்கெனவே குட்டிக் காந்தங்களாகத்தான் இருக்கின்றன. ஒரு கூட்டம் கிழக்கே பார்க்கும், அடுத்தது மேற்கே பார்க்கும். ஒன்றின் பலத்தை மற்றது தின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் ஆணி. சுருளில் மின்சாரம் ஓடியதும் அந்தக் கூட்டங்கள் ஒரே பக்கம் பார்க்கத் தொடங்குகின்றன. மின்சாரம் கொடுத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் ஆணியின் சொந்தச் சொத்து!

உன் கதையும் இதுதானே? ஒரு மனசு கணக்கில், ஒரு மனசு செல்போனில், இன்னொன்று ‘நமக்கு வராது’ என்ற பயத்தில். பலம் இல்லாதவன் இல்லையடா நீ, திசை சிதறிக் கிடப்பவன்!

இப்படி இரும்பில் கம்பி சுற்றிப் பார்த்த வில்லியம் ஸ்டர்ஜனைக் கேள். இங்கிலாந்தில் செருப்புத் தைப்பவரின் மகன். சின்ன வயதிலேயே அதே தொழிலுக்கு விடப்பட்டவர். பிறகு பீரங்கிப் படையில் சிப்பாய். கணக்கும் அறிவியலும் தானாகவே படித்துக்கொண்டவர். 1825-இல் ஓர் இரும்புத் துண்டைக் குதிரை லாடம்போல் வளைத்தார், வார்னிஷ் பூசினார், வெறும் செம்புக்கம்பியை 18 சுற்றுச் சுற்றினார். மின்சாரம் ஓடியதும் சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கிக்காட்டியது. தன் எடையைப்போல் 20 மடங்கு!

அதோடு நின்றதா? அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி. ஏழைப் பிள்ளை, கடிகாரக்காரரிடம் தொழில் பழகியவர். ஸ்டர்ஜனின் சுற்றுகள் விலகி விலகி இருப்பதைக் கவனித்தார். வெறும் கம்பி ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் சுற்றிவராமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். ஹென்றி இரும்புக்கு வார்னிஷ் பூசுவதை விட்டுவிட்டுக் கம்பிக்கே பட்டு சுற்றினார். இனி நெருக்கி நெருக்கி, அடுக்கடுக்காகச் சுற்றலாம்! 1831-இல் அவருடைய காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. எனக்கு ஸ்டர்ஜனைவிட இவரைத்தான் பிடிக்கும். எத்தனை நாள் உட்கார்ந்து கம்பிக்குப் பட்டு சுற்றியிருப்பார், யோசித்துப் பார்!

‘அவன் பிறவிப் புத்திசாலி’ என்று ஏங்குகிறாயா? பிறவிக் காந்தமும் உண்டு, காந்தக்கல். மண்ணிலிருந்து எடுக்கும்போதே இழுக்கும். ஆனால் பிடித்ததை விடத் தெரியாது. பலத்தைக் கூட்டவும் தெரியாது. பழைய இரும்புக் கிடங்கில் கிரேன் காரைத் தூக்கி, வேண்டிய இடத்தில் பொத்தென்று போடுகிறதே, அது சுற்றிச் சுற்றி உண்டாக்கிய காந்தம்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். செல்லை எடுத்தால் ஊசிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆணிக்குள் கூட்டங்கள் மறுபடி கலைந்துபோகும். படிப்பும் அப்படித்தான். போன வாரம் படித்தது இந்த வாரம் தூக்காது, தம்பி!

கம்பி சுடும், சில நொடிக்கு மேல் இணைத்து வைக்காதே. வீட்டுப் பிளக்கில் மட்டும் செருகவே செருகாதே, அது உயிரை எடுத்துவிடும். டார்ச் செல் போதும். 50 சுற்றில் எத்தனை ஊசி? நோட்டில் எழுது. எழுதியாயிற்றா? கம்பியை எடு. இனி 100 சுற்று!