பதினைந்தாவது சுற்று



1975 அக்டோபர் 1. பிலிப்பைன்ஸில் மணிலாவை ஒட்டிய கேசோன் நகரம். முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மூன்றாம் முறையாகக் குத்துச்சண்டையில் மோதுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் இரவில் பார்க்க வேண்டுமே என்று இங்கே சண்டையைக் காலையில் வைத்துவிட்டார்கள். அரங்கம் நிறைந்த கூட்டம். மேலே விளக்குகளின் வெக்கை.

1971-இல் ஃப்ரேசியர் ஜெயித்தார், 1974-இல் அலி ஜெயித்தார். இது தீர்த்துவைக்க வேண்டிய கணக்கு. மணிலாவுக்கு வருமுன்பே ஃப்ரேசியரைக் கொரில்லா என்று ஊரறியக் கேலி செய்தார் அலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அலி குத்துச்சண்டை ஆட முடியாமல் இருந்த நாட்களில், அவருக்குத் துணை நின்றவர் இதே ஃப்ரேசியர். அலியின் மீது எனக்கு எவ்வளவோ மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பேச்சை மன்னிக்க என் மனம் இடம் கொடுப்பதில்லை.

ஃப்ரேசியர் தென் கரோலினாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் அடிபட்ட இடது கை சரியாகக் கூடாமல், கடைசிவரை முழுவதும் நீட்ட முடியாத கையாகவே இருந்தது. அந்த வளைந்த கையின் குத்துக்குத்தான் உலகமே பயந்தது. ஃபிலடெல்ஃபியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடது கட்டைவிரல் முறிந்திருந்தும் வெளியே மூச்சுவிடாமல் இறுதிப் போட்டியில் ஆடித் தங்கம் வாங்கினார். இடது கண்ணில் பார்வை மங்கல். அதையும் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார்.

மணிலாவில் முதல் சில சுற்றுகள் அலியின் கையில் இருந்தன. நடுவில் ஃப்ரேசியர் புகுந்து விலாவிலும் வயிற்றிலும் குத்தித் தள்ளினார். பிறகு அலி மீண்டார். பதின்மூன்றாவது சுற்றில் ஃப்ரேசியரின் பல்காப்பு வாயிலிருந்து தெறித்துப் பறந்தது. பதினான்காவதில் நல்ல கண்ணான வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. அலியின் வலது கை வருவதே அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே வாங்கினார், விழாமல் நின்றார்.

மிச்சம் ஒரே ஒரு சுற்று.

அவருடைய மூலையில் இருந்த பயிற்சியாளர் எடி ஃபட்ச், வளையத்தில் அடிபட்டு வீரர்கள் உயிரைவிட்டதை அறிந்தவர். போதும் என்று முடிவெடுத்தார். ஃப்ரேசியர் ஒப்புக்கொள்ளவில்லை, எழப் பார்த்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு நடுவருக்குச் சைகை காட்டினார் ஃபட்ச். எதிர் மூலையில் வெற்றியென்று கையை உயர்த்திய அலி, அடுத்த கணமே தரையில் சரிந்தார். சாவுக்குப் பக்கத்தில் போய் வந்ததுபோல் இருந்தது என்று பின்னர் சொன்னார்.

இன்னும் மூன்று நிமிடம் விட்டிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வம் இல்லை. ஃப்ரேசியரைப் போன்றவருக்கு நிறுத்தத் தெரியாது. அந்தப் பிடிவாதம்தான் அவரை உலக சாம்பியன் ஆக்கியது. அவருக்காக வேறொருவர்தான் நிறுத்த வேண்டியிருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தான் பயிற்றுவித்த வீரனின் கோபத்துக்கு ஆளாகி அதைச் செய்ய ஃபட்சுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அந்தக் காலையில் நடந்த சண்டையில் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான். ஃப்ரேசியர் அதன்பிறகு 36 ஆண்டுகள் வாழ்ந்து, 2011-இல் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்கு அலி வந்திருந்தார்.

நேயர்களே, காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்புகிற அப்பா, நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்கிற அம்மா, இரவெல்லாம் தூங்காமல் படித்துக் கண் சிவந்த பிள்ளை என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இன்று அவரைக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.